காஷ்கா மேல் நீலக் கோடுகள்

எங்கள் பக்கத்தில் குதிரையை ஒரு வீட்டு வாசல்வரை விரட்டிக்கொண்டு வருகிறவர்கள் சாவுச் செய்தி கொண்டுவருகிறவர்கள் மட்டும்தான். மற்றவர்கள் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, மெதுவாக நடத்திக்கொண்டு வருவார்கள். அதனால் அன்று காலை ஏழரை மணிக்குக் குளம்புச் சத்தம் கால்நடை மருத்துவமனைப் படிவரைக்கும் வந்து நின்றபோது, உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்த மெலிஸ் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"யாரும்மா போயிட்டாங்க?"

"இன்னும் யாரும் போகல. மத்தியானத்துக்குள்ள எங்கப்பா பேரு போயிடும்" என்றாள் வந்தவள்.

அவள் பெயர் பாத்மா. மேலே கோடை மேய்ச்சல் நிலத்தில் குதிரைப்பால் கறப்பவள். அவள் அப்பா ஜோல்தோஷை நான்கு பள்ளத்தாக்குகளிலும் தெரியும். பந்தயத்துக்கு ஒரு மாதம் முன்பு ஆட்கள் தங்கள் குதிரைகளை அவரிடம் ஒப்படைப்பார்கள். தீனியைக் குறைத்து, வியர்க்க வைத்து, ஓட்டத்துக்குத் தயார் செய்து திருப்பிக் கொடுப்பார். அந்த ஒரு மாதமும் குதிரை அவருடையது மாதிரிதான். சொந்தக்காரர்கூட அவரைக் கேட்காமல் தொடமாட்டார்.

டாக்டர் அனார்குல் உள்ளறையிலிருந்து வந்தார். நாற்பது வயதிருக்கும். மெல்லப் பேசுகிறவர். கேள்வி கேட்கும்போது குரல் இன்னும் தணியும்.

"இறங்கு. தண்ணி குடி. அப்புறம் சொல்லு."

"தண்ணி வேணாம், டாக்டரம்மா. சகின்பெக்கோட குதிரை காஷ்கா இருக்கு இல்ல, நெத்தியில வெள்ளைக் கோடு போட்டது? அப்பா கையிலதான் இருக்கு. பந்தயத்துக்கு நாலு நாள். இன்னிக்கு விடிஞ்சும் விடியாம சகின்பெக், ஒரோஸ் தாத்தாவையும் இன்னொரு பெரியவரையும் கூட்டிக்கிட்டு மேட்டுக்கு வந்தாரு. வந்ததும் வராததுமா குதிரை மேல இருந்த போர்வையை உருவினாரு. உடம்பு பூரா வரிவரியாத் தடிச்சிருக்கு. ஒரு கண்ணு வீங்கி மூடிக்கிச்சு. 'பாருங்க தாத்தா, ஊரே கொண்டாடுற மனுஷன் என் குதிரையைச் சாட்டையால அடிச்சிருக்கான்'னு கத்துறாரு. எங்கப்பா! சாட்டையைக் கூடாரத்து ஆணியில மாட்டி வெச்சுட்டு அதுல துணி காயப்போடுறவரு!"

"அப்பா என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. அதான் எனக்கு வயிறு எரியுது. குதிரையையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. மத்தியானம் பெரியவங்க கூடுறாங்க. அடிச்சதுன்னு முடிவு பண்ணிட்டா அவர் கையில இருக்கிற கடிவாளத்தை எல்லார் முன்னாடியும் வாங்கிடுவாங்க. அப்புறம் செத்தாலும் ஒருத்தரும் அவர்கிட்ட குதிரை விடமாட்டாங்க."

"ராத்திரி குதிரைக்குப் பக்கத்துல யார் இருந்தது?"

"அப்பாதான். பக்கத்துலயே படுத்திருந்தாரு. வேற யாரும் வரலேன்னு அவரே சொல்லிட்டாரு. சகின்பெக்குக்கு வசதியாப் போச்சு."

"அதுக்கு முன்னாடி?"

"சாயங்காலம் பொழுது இறங்குற நேரத்துல சகின்பெக் கூடாரத்துல விருந்து. ஆடு வெட்டினாங்க. சபையில மூத்தவருக்கு வைக்கிற ஆட்டுத்தலையை அப்பாவுக்கு வெச்சாங்க, டாக்டரம்மா! ஒரோஸ் தாத்தா பக்கத்துல உக்காந்திருக்காரு, எண்பத்தொரு வயசு. அவரைத் தாண்டி அப்பா முன்னாடி தலையை வெச்சாங்க. அப்படி மரியாதை பண்ணின வாயே மறுநாள் காலையில திருடனைப் பேசுற மாதிரி பேசுது."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"ஒரோஸ் தாத்தாவைத் தாண்டியா?" என்று அனார்குல் மறுபடி கேட்டார்.

"ஆமா."

அனார்குல் பையை எடுத்தார். மருந்துப் புட்டிகளோடு, தடுப்பூசி போட்ட ஆடுகளுக்கு அடையாளம் வைக்கிற நீலச் சாக்பீஸ் கட்டி ஒன்றையும் எடுத்துப் போட்டார்.

பாத்மா குதிரையில் முன்னால் போய்விட்டாள். ஜீப்பில் ஏறியதிலிருந்து மெலிஸ் பேசிக்கொண்டே வந்தார். அவருக்கு ஐம்பத்தைந்து வயது. பதினொரு வருடமாக டாக்டருக்கு வண்டி ஓட்டுகிறார். எந்த நோய்க்கும் போய்ச் சேர்வதற்கு முன்பே காரணம் கண்டுபிடித்துவிடுவார்.

"இது எதிராளி வேலை, டாக்டரம்மா. காஞ்சொறி இலையை அரைச்சுத் தடவியிருக்கான்."

"போர்வைக்கு அடியிலயா, அண்ணே?"

"போர்வையை எடுத்துட்டுத்தான்."

"ஜோல்தோஷ் அண்ணன் பக்கத்துலயே படுத்திருந்தாரே, முழிச்சுக்க மாட்டாரா?"

"மயக்க மருந்து."

"அவருக்கா, குதிரைக்கா?"

மெலிஸ் ஒரு வளைவு வரை யோசித்தார். "ரெண்டு பேருக்கும்" என்றார்.

மேய்ச்சல் நிலத்துக்கு வடக்கே கல் மேடு. எந்த நேரமும் காற்று அடிக்கும் இடம். மேட்டின் அடியில் ஓடை வளைந்து, நாணல் மண்டிய கறுப்புச் சதுப்பாகக் கிடக்கிறது. மற்ற குதிரைகள் எல்லாம் அங்கேதான் மேய்ந்தன. காஷ்கா மட்டும் மேட்டு உச்சியில் கட்டப்பட்டிருந்தது. காற்று வரும் பக்கமாகச் சாணி வறட்டி புகைந்துகொண்டிருந்தது.

ஜோல்தோஷ் எழுந்து நின்றார். சலாம் சொல்லிவிட்டு, "மூச்சு சீரா இருக்கு. மூக்கு வீங்கல" என்றார்.

அனார்குல் குதிரையை ஒருமுறை சுற்றி வந்தார். கழுத்திலும் விலாவிலும் விரல் கனத்தில் நீளநீளமான தடிப்புகள். பார்த்தால் சாட்டை பட்டது போலத்தான் இருந்தது. இடது கண் இமை கொழுக்கட்டை மாதிரி உப்பியிருந்தது. அடிவயிற்றின் நடுக்கோட்டில் ஒரு கை அகலத்துக்கு வீங்கித் தொங்கியது. பிடரிமயிரின் வேரிலும் வால் வேரிலும் சின்னச் சின்னப் பொருக்குகள்.

ஒரு தடிப்பை விரலால் அழுத்தினார். பிசைந்த மாவில் அழுத்தியது போலக் குழி விழுந்தது. பிறகு நகங்களால் அதையே சொறிந்தார். காஷ்கா கழுத்தை நீட்டி அவர் கைமேல் சாய்ந்தது. மேலுதடு நீண்டு நடுங்கியது.

"மெலிஸ் அண்ணே, பாத்தீங்களா?"

"சொகமா இருக்கு போல."

"அதை ஞாபகம் வெச்சுக்கோங்க."

முன்கால்களைத் தூக்கிக் குளம்பின் அடியைப் பார்த்தார். பள்ளத்தில் கறுப்புச் சேறு காய்ந்து அப்பியிருந்தது. ஒரு துண்டை நோண்டியெடுத்து முகர்ந்துவிட்டு மெலிஸிடம் நீட்டினார்.

"அழுகின முட்டை" என்றார் மெலிஸ்.

"அண்ணே, குளம்பை எப்போ சுத்தம் பண்ணுவீங்க?" என்று அனார்குல் ஜோல்தோஷிடம் கேட்டார்.

"தினம் சாயங்காலம். போர்வை போடுறதுக்கு முன்னாடி. நேத்தும் பண்ணிட்டுத்தான் விருந்துக்குப் போனேன்." சொல்லிக்கொண்டே அவரும் அந்தச் சேற்றைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"எதுக்கு இதை மட்டும் மேட்டுல கட்டியிருக்கீங்க?"

"போன வருஷம் இது கீழே சதுப்புல மேஞ்சிருக்கு. பிடரி, வால் எல்லாம் மரத்துல தேச்சுத் தேச்சு மயிரே இல்லாம வந்துச்சு. பூச்சிதான் காரணம்னு தோணுச்சு. மத்ததுங்களையும் கடிக்குது, அதுங்களுக்கு ஒண்ணும் ஆகல. இதுக்கு ஆகுது. அதனால மேட்டுல கட்டி, புகை போட்டு, பொழுது சாயும் முன்னயே போர்வை போட்டுடுவேன்."

"சகின்பெக்குக்குத் தெரியுமா?"

"சொன்னேன். 'கல்யாணப் பொண்ணு மாதிரி முக்காடு போட்டு வெச்சிருக்கியே'ன்னு சிரிச்சாரு."

"ராத்திரி அது நிம்மதியா இருந்துச்சா?"

ஜோல்தோஷ் தலையைக் குனிந்துகொண்டார். "இல்ல. காலை உதைச்சுக்கிட்டே இருந்துச்சு. தீனி குறைச்சிருக்கேன், பசின்னு நெனச்சேன். பந்தயக் குதிரைக்கு ராத்திரி போட்ட போர்வையைச் சூரியன் வர்ற வரைக்கும் தூக்கக் கூடாது. வேர்வை ஆறிச் சளி புடிச்சுக்கும். முப்பது வருஷமா அதான் வழக்கம். இருட்டுல போர்வையைத் தடவிப் பாத்தேன், கட்டு சரியா இருந்துச்சு. தூக்கிப் பாக்கல." குரல் இறங்கியது. "பாத்திருக்கணும்."

அவர் காலையிலிருந்து ஏன் வாயே திறக்கவில்லை என்று பாத்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

"அப்பா! அதுக்காக அடிச்சேன்னு ஒத்துக்குவீங்களா?"

"ஒத்துக்கல. ஆனா என் கையில இருக்கும்போது வந்த கஷ்டம்தானே, கண்ணு."

அனார்குல் நீலச் சாக்பீஸை எடுத்து, கழுத்திலும் விலாவிலும் இருந்த ஒவ்வொரு தடிப்பையும் சுற்றிக் கோடு போட ஆரம்பித்தார். ஒன்பதரை மணி. பாத்மா சற்று நேரம் பார்த்தாள். பிறகு பொறுக்க முடியாமல் வெடித்தாள்.

"என்ன டாக்டரம்மா இது? அது அரிப்புல துடிக்குது, நீங்க படம் வரையுறீங்க! ஊசி இருக்கு இல்ல?"

"இருக்கு. போட்டா ஒரு மணி நேரத்துல தடிப்பு அமுங்கிடும். அப்புறம் சகின்பெக் என்ன சொல்வாரு? 'சாட்டைத் தழும்பை மருந்து போட்டு மறைச்சுட்டா'ம்பாரு." அவர் நிறுத்தாமல் கோடு போட்டார். "மூச்சு திணறினா அந்த நிமிஷமே போட்டுடுவேன், உங்கப்பா பேரு போனாலும் சரி. மூச்சு நல்லா இருக்கிற வரைக்கும் காத்திருக்கணும். எனக்கும் பிடிக்கல. நீ போய் ஓடைத் தண்ணியில துணியை நனைச்சுட்டு வா. வயித்துலயும் கண்ணுலயும் ஒத்தடம் குடு. கோட்டை மட்டும் அழிச்சிடாதே."

அந்தச் சமயத்தில் சகின்பெக்கே வந்துவிட்டார். நல்ல உயரம், நல்ல தொப்பி.

"வாங்க டாக்டரம்மா. நீங்களே பாத்துட்டீங்க இல்ல? என் குதிரை நிலைமையை? இந்த மனுஷனை வீட்டுக்குக் கூப்பிட்டு, தலை வெச்சு, என் கையால சோறு போட்டேன். அந்த உப்பு செரிக்கிறதுக்குள்ள அடிச்சிருக்கான். எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது."

"எனக்கும் ஆறல. மத்தியானம் பேசுவோம்" என்றார் அனார்குல்.

அவர் போன பிறகு அனார்குல் மெலிஸை அழைத்தார்.

"அண்ணே, சகின்பெக் கூடாரத்துல போய்க் குமிஸ் குடிங்க."

"புளிச்ச குதிரைப்பால் குடிக்கிறதா வேலை? ரெண்டு கிண்ணம் குடிப்பேன்."

"குடிச்சுக்கிட்டே அவர் சம்சாரத்துகிட்ட ரெண்டு விஷயம் கேளுங்க. விருந்து முடிஞ்சு கைகழுவத் தண்ணி வீட்டுக்காரர்தான் ஊத்தணும், நேத்து ஊத்தினது யாரு? அப்புறம், நேத்து ஜோல்தோஷ் அண்ணனைத் தவிர யாருக்காகச் சமைச்சாங்க?"

மெலிஸ் ஒரு மணி நேரம் கழித்து வந்தார். குமிஸ் வாடையும் பெருமிதமும் சேர்ந்து வீசின.

"டாக்டரம்மா, அந்தம்மா கொதிச்சுப் போயிருக்கு! நேத்துப் பட்டணத்துல இருந்து பெரிய கார்ல ஒருத்தன் வந்தானாம். அவனுக்காகக் காலையில இருந்து மாவு பிசைஞ்சு பலகாரம் பொரிச்சு வெச்சிருக்கு. அவன் கூடாரத்துக்குள்ளயே வரல. ரொட்டியக்கூடக் கிள்ளல! சதுப்புப் பக்கத்துல கார் நின்னுச்சு, அப்படியே திரும்பிப் போயிட்டானாம். 'ஒரு வாய் ரொட்டியைத் தொடாமப் போற விருந்தாளியை என் ஆயுசுல பாத்ததில்ல, நான் என்ன அவனுக்கு விஷமா வெச்சேன்'னு கேக்குது."

"தண்ணி?"

"ஆரம்பத்துல சகின்பெக் ஊத்தினாரு. கடைசியில அந்தம்மாதான் ஊத்துச்சு. 'விருந்தாளியை வழியனுப்பப் போறேன்'னு போனவரு, பெரியவங்க ஆசீர்வாதத்துக்குக் கை தூக்கினப்போதான் உள்ள வந்தாராம்." மெலிஸ் நெஞ்சை நிமிர்த்தினார். "எனக்கு விளங்கிடுச்சு. அந்தக் கார்க்காரன்தான் அடிச்சிருக்கான்!"

"யாரும் அடிக்கல, அண்ணே."

மத்தியானம் மேட்டிலேயே கூடினார்கள். ஏழு பெரியவர்கள் கம்பளம் விரித்து உட்கார்ந்தார்கள். நடுவில் வெள்ளைத் தொப்பியோடு ஒரோஸ் தாத்தா. சுற்றிலும் முப்பது பேர் நின்றார்கள். ஜோல்தோஷ் கடிவாளத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குதிரைப் பக்கத்தில் நின்றார். குதிரை மேல் பழைய போர்வை கிடந்தது.

சகின்பெக் முதலில் பேசினார். நிறையப் பேசினார். நம்பிக்கை, துரோகம், வாயில்லா ஜீவன் என்றெல்லாம் பேசினார். கூட்டத்தில் சிலர் உச்சுக்கொட்டினார்கள்.

"டாக்டரம்மா சொல்லட்டும்" என்றார் ஒரோஸ்.

அனார்குல் போர்வையை எடுத்தார். "தாத்தா, இந்த நீலக் கோடெல்லாம் நான் ஒன்பதரை மணிக்குப் போட்டது. ஒவ்வொரு தடிப்பையும் சுத்திப் போட்டேன். மெலிஸ் அண்ணனும் பாத்மாவும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. நீங்களே வந்து தடவிப் பாருங்க."

ஒரோஸ் எழுந்து வந்தார். கழுத்தில் நீளமாக இருந்த கோட்டுக்குள் கையை வைத்தார். வழவழவென்று இருந்தது. அடுத்த கோடு. அதற்குள்ளும் ஒன்றுமில்லை. கோட்டுக்கு வெளியே ஒரு சாண் தள்ளிக் கை தடுக்கியது. புதுத் தடிப்பு. விலாவிலும் அப்படியே. சிலது கோட்டைத் தாண்டி ஒழுகியது போல இடம் மாறியிருந்தது. சிலது மறைந்தே போயிருந்தது. கோடே இல்லாத தோளில் புதிதாக மூன்று.

கிழவர் மெதுவாகத் திரும்பினார். "இது இடம் மாறுது" என்றார்.

"சாட்டைத் தழும்பு இடம் மாறுமா, தாத்தா?"

"எண்பத்தொரு வருஷத்துல பாத்ததில்ல."

"இன்னொண்ணு. தடிப்பைக் கொஞ்சம் சொறிஞ்சு விடுங்க."

சொறிந்தார். காஷ்கா கிழவரின் தோளில் தாடையை வைத்து, உதட்டை நீட்டிக்கொண்டு கண்ணை மூடியது. கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

"அடி பட்ட இடத்தைத் தொட்டா தோல் சுருங்கும், கால் உதைக்கும். இது இன்னும் சொறின்னு கேக்குது. வலி இல்ல, அரிப்பு. இது பூச்சிக்கடியால வந்த ஒவ்வாமை. எள்ளுல பாதி இருக்கிற பொடிப்பூச்சி. அடிவயித்துலயும் பிடரி வேர்லயும் வால் வேர்லயும் கடிச்சிருக்கு, பொருக்கு இருக்கு பாருங்க. கடிச்சது அங்க. தடிப்பு உடம்பு பூரா வருது."

"பூச்சி கடிச்சா குதிரை இப்படி வீங்குமா?" என்றார் சகின்பெக். "கீழே அறுபது குதிரை நிக்குது. எல்லாத்தையும்தான் கடிக்குது."

"நாமெல்லாம் தேன் சாப்பிடுறோம். மெலிஸ் அண்ணன் ஒரு கரண்டி சாப்பிட்டா அவர் சம்சாரத்துக்கே அடையாளம் தெரியாது."

"போன வருஷம் கல்யாணத்துல வீட்டுக்குள்ளயே விடல" என்றார் மெலிஸ்.

அனார்குல் சிரிக்கவில்லை. "ஜோல்தோஷ் அண்ணன் இதைப் படிச்சுத் தெரிஞ்சுக்கல. பாத்துத் தெரிஞ்சுக்கிட்டார். அதுக்குத்தான் மேடு, புகை, போர்வை. இதைச் சொல்லி ஒருத்தர் சிரிச்சிருக்கார். சரி, இப்போ கேள்வி வேற. கடி எல்லாம் போர்வை மூடுற இடத்துல இருக்கு. அப்போ போர்வை கழண்டு இருந்திருக்கு. இந்தப் பூச்சி பொழுது சாயுற நேரத்துல, காத்து இல்லாத ஈரத்துலதான் மொய்க்கும். இந்த மேட்டுல காத்து நிக்காது. காஷ்கா கீழே போயிருக்கு."

அவர் தாளில் மடித்து வைத்திருந்த சேற்றுத் துண்டைக் கம்பளத்தின் மேல் வைத்தார். "காலையில இதை இதோட குளம்புல இருந்து எடுத்தேன். கறுப்புச் சேறு. வாடையைப் பாருங்க. இங்க எல்லாம் கல்லு. ஜோல்தோஷ் அண்ணன் நேத்துச் சாயங்காலம் குளம்பைச் சுத்தம் பண்ணிட்டு விருந்துக்குப் போனார். இருட்டினப்புறம் வந்து பக்கத்துலயே படுத்தார். அப்போ குதிரை சதுப்புக்குப் போனது எப்போ?"

"விருந்து நேரத்துல" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"எவனாவது குதிரையைத் திருட வந்திருப்பான்!" என்றார் சகின்பெக்.

"திருட வந்தவன் திரும்பக் கொண்டுவந்து, கட்டிப்போட்டு, போர்வையும் போத்திவிட்டுப் போவானா?"

சகின்பெக் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அனார்குல் ஒரோஸ் பக்கம் திரும்பினார்.

"தாத்தா, உங்களை ஒண்ணு கேக்கலாமா? நேத்து உங்களைத் தாண்டி ஆட்டுத்தலை போச்சே. மனசுல ஒண்ணும் தோணலையா?"

கிழவர் தாடியைத் தடவினார். "தோணுச்சு. பந்தயத்துக்கு முன்னாடி ஜோல்தோஷுக்கு ஒரு மரியாதைன்னு சகின்பெக் சொன்னான். சின்னப் பய ஆசைப்படுறான், போகட்டும்னு இருந்துட்டேன்."

"தலை முன்னாடி இருக்கிறவர் அறுத்துப் பங்கு போடாம யாரும் கறியில கை வைக்க முடியாது. எல்லாருக்கும் குடுத்து, ஆசீர்வாதம் முடியிற வரைக்கும் அவர் எழுந்திரிக்கவும் கூடாது. தினமும் பொழுது சாயும்போது குதிரையை விட்டு நகராத மனுஷனை உக்கார வைக்க வேற வழி இருக்கா? கயிறு வேணாம். தலையை வெச்சா போதும்."

ஜோல்தோஷ் முதல்முறையாகச் சகின்பெக்கை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த நேரத்துல ஒரு கார் சதுப்போரம் நின்னுச்சு. குதிரை வாங்க வந்தவர். பயிற்சியில இருக்கிற குதிரையை வெளியாளுக்குக் காட்டக் கூடாது, விலை பேசக் கூடாதுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். மேட்டுக்கு அவரைக் கூட்டிட்டு வந்தா எல்லார் கண்ணுலயும் படும். நாணல் மறைவுல காட்டினா படாது. வீட்டுக்காரர் விருந்தை விட்டுட்டு 'வழியனுப்ப'ப் போனாரு. ஆசீர்வாதத்துக்குத்தான் வந்தாரு. வாங்க வந்தவரோ ரொட்டியைக்கூடத் தொடாம ஓடிட்டாரு. ஏன்? அரைமணி நேரத்துல குதிரை அவர் கண்ணு முன்னாடியே தடிச்சு வீங்கியிருக்கும். நோய்க் குதிரைன்னு நெனச்சிருப்பார்."

"ஊகம்! எல்லாம் ஊகம்!" சகின்பெக் கத்தினார். "என்னைப் பாத்தவன் யாரு? சொல்லு, யாரு?"

"யாரும் பாக்கல. நீங்களேதான் சொல்லிட்டீங்க." அனார்குலின் குரல் இன்னும் தணிந்தது. எல்லாரும் ஓர் அடி முன்னால் வந்தார்கள். "இன்னிக்கு விடியக்காலையில மேட்டுக்கு வந்தீங்க. இந்த ஒரு மாசத்துல என்னிக்காவது விடியலுக்கு வந்திருக்கீங்களா?"

"என் குதிரை, நான் வருவேன்."

"வாங்க. வரும்போது எதுக்கு ரெண்டு பெரியவங்களைச் சாட்சிக்கு எழுப்பிக் கூட்டிட்டு வந்தீங்க? குதிரை மேல போர்வை இருந்துச்சு. பக்கத்துலயே படுத்திருந்த ஜோல்தோஷ் அண்ணனுக்கே அடியில என்ன இருக்குன்னு தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

காற்று கீழே கிடந்த போர்வையின் நுனியைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

ஒரோஸ் தாத்தாதான் பேசினார். "ஆமா. கதவைத் தட்டி எழுப்பினே. 'வந்து பாருங்க தாத்தா, ஜோல்தோஷ் குதிரையை என்ன பண்ணி வெச்சிருக்கான்னு'. அப்படித்தான் சொன்னே. அப்போ நீ போர்வையை உருவவே இல்லையேடா."

சகின்பெக்கின் அருகில் நின்றவர்கள் தானாகவே கொஞ்சம் விலகி நின்றார்கள்.

"ஒரு நிமிஷம் காட்டினேன்" என்றார் கடைசியில். "அவ்வளவுதான். வீங்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? பந்தயத்துல ஓடாதுன்னு ஆயிடுச்சு. எல்லாரும் என்னைத்தான் கேப்பாங்க. நான் என்ன பண்றது?"

"தெரியாதா?" பாத்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "அப்பா சொன்னப்போ முக்காடுன்னு சிரிச்சீங்களே! உங்க தப்பை மூட எங்கப்பா பேரை எடுத்துப் போத்திக்கிட்டீங்களா? அவர் ராத்திரி பூரா அந்தக் குளிருல படுத்திருந்தாரு. நீங்க கூடாரத்துக்குள்ள படுத்துக்கிட்டு விடியிறதுக்குக் காத்திருந்தீங்க. போர்வையைச் சூரியன் வர்ற வரைக்கும் தூக்க மாட்டார்னு தெரிஞ்சுக்கிட்டே! அது ராத்திரி பூரா அரிச்சுத் துடிச்சிருக்கு. ஒரு வார்த்தை வந்து சொல்லியிருந்தா ராத்திரியே டாக்டரைக் கூட்டிட்டு வந்திருப்போமே!"

"ஏய், பெரியவங்க முன்னாடி பொண்ணு..."

"பேசட்டும்" என்றார் ஒரோஸ். "நீ பேசினதைக் கேட்டோம் இல்ல?"

பெரியவர்கள் கூடிப் பேச அதிக நேரம் எடுக்கவில்லை. காஷ்கா இந்தப் பந்தயத்தில் ஓடாது. அடுத்த கோடைவரை அது ஜோல்தோஷிடமே இருக்கும். ஊர் முன்னால் சொன்ன பொய்க்கு ஊர் முன்னாலேயே சகின்பெக் மன்னிப்புக் கேட்க வேண்டும். சாயங்காலம் ஆடு வெட்டி எல்லாரையும் உட்கார வைக்க வேண்டும்.

அனார்குல் அதையெல்லாம் கேட்க நிற்கவில்லை. கூட்டம் கலைவதற்குள் ஊசியைப் போட்டுவிட்டார். காலிப் புட்டியை அவர் பைக்குள் வீசியதை மெலிஸ் மட்டும் பார்த்தார்.

"என்னாச்சு, டாக்டரம்மா?"

"கோபம்" என்றார் அனார்குல். "மூணு மணி நேரம் இதை அரிக்க விட்டிருக்கேன், அண்ணே. ஒரு மனுஷன் வாய்ப்பொய்க்காக."

சாயங்காலம் சகின்பெக்கின் கூடாரத்தில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். அவர் மன்னிப்புக் கேட்டார். சத்தம் கம்மியாகத்தான் கேட்டார். பிறகு தானே சுற்றிவந்து எல்லார் கைக்கும் தண்ணீர் ஊற்றினார். "நடந்ததை மறந்துடுவோம், நாமெல்லாம் ஒரே ஊர்க்காரங்க" என்று இரண்டு முறை சொன்னார்.

கறி வந்தது. தலையை ஒரோஸ் தாத்தா முன்னால் வைத்தார்கள். கிழவர் ஒரு கணம் பார்த்துவிட்டுத் தட்டை இரண்டு கையாலும் ஜோல்தோஷ் பக்கம் தள்ளினார்.

"நேத்து உனக்கு இது பொய்யா வந்துச்சு. இன்னிக்கு நான் குடுக்கிறேன். அறு."

ஜோல்தோஷ் கத்தியை எடுத்தார். திறந்திருந்த கூடார வாசல் வழியாக வெயில் சரிந்து மஞ்சளாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. கீழே சதுப்புப் பக்கம் காற்று நின்றிருந்தது. நாணல் அசையவில்லை. அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார்.

தலை முன்னால் இருக்கும்போது எழுந்தவரை அந்தக் கூடாரத்தில் யாரும் பார்த்ததில்லை.

"மன்னிச்சிடுங்க தாத்தா" என்றார் ஜோல்தோஷ். "பொழுது சாயுது. குதிரைக்குப் புகை போடணும்."

"அண்ணே, உக்காருங்க!" சகின்பெக் பதறினார். "தலை உங்க முன்னாடி இருக்கே!"

"நேத்தும் இருந்துச்சு" என்றார் ஜோல்தோஷ்.

பாத்மாவும் அவர் பின்னால் போனாள்.

தலையை அறுக்காமல் யாரும் கறியைத் தொட முடியாது. சகின்பெக் ஒரோஸைப் பார்த்தார். ஒரோஸ் கையைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மெலிஸ் ஒருமுறை எச்சிலை விழுங்கினார். தட்டின் ஓரத்தில் கொழுப்பு வெள்ளையாக உறைய ஆரம்பித்தது.

மேட்டின் மேல் முதல் புகை எழுந்தது.